தாழ்ப்பாள் இல்லாத கதவு

முதலாம் தவணை என்றால் திருகோணமலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். பின்னேரங்களில் மக்கெய்சர் மைதானத்துப் பக்கமோ ஏகாம்பரம் மைதானத்துப் பக்கமோ போனால் அணிநடைப் பயிற்சியின் மேளச் சத்தம் வீதிவரைக்கும் கேட்கும். இல்லத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு கொடி, அதே நிறத்தில் மேற்சட்டை. காலையில் வெள்ளைச் சீருடையில் வந்த பிள்ளை மாலையில் சிவப்பிலோ நீலத்திலோ நிற்கிறது. இடையில் அது எங்கே உடை மாற்றியது என்று எவரும் யோசிப்பதில்லை.

நான் பார்த்தவரை அது இப்படித்தான் நடக்கும். பெண்பிள்ளைகள் ஒரு வகுப்பறையைப் பிடிப்பார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இராது. உள்ளேயிருந்து ஒரு வாங்கை இழுத்து முட்டுக்கொடுப்பார்கள். ஜன்னலில் யாரோ ஓர் ஆசிரியையின் பழைய சேலை தொங்கும். வெளியே இரண்டு தோழிகள் காவல். ஆண்பிள்ளைகளுக்கு இதுவும் இல்லை. ஒரு துவாய், ஒரு வேப்பமரத்தின் மறைப்பு, வேலை முடிந்தது. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து, ஈரத்துக்கு மேலேயே உலர்ந்த துணியைச் சுற்றி, உள்ளேயிருந்து ஈரத்தை உருவி எடுத்துப் பழகிய ஊர் இது. உடை மாற்றுவதற்கு ஓர் அறை வேண்டும் என்று நாம் கேட்டதே இல்லை.

சேலை தொங்கும் வகுப்பறைக்குள்ளும் போக முடியாமல், வேப்பமரத்தடிக்கும் போக முடியாமல் நடுவில் நிற்கிற பிள்ளையைப் பற்றியது இந்தக் கட்டுரை. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக அறிந்த பிள்ளை; பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக அறிந்த பிள்ளை. தமிழ்நாட்டிலிருந்து வந்த திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் இங்கும் பழக்கமாகிவிட்டன. நம் அலுவலகத் தமிழ் பாலினத்துக்குப் பால்நிலை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. பாடசாலை முற்றத்தில் வழங்கும் சொற்கள் வேறு: 'அலி', 'ஒன்பது'. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொற்களை எவரும் கற்பிப்பதில்லை, எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இது பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றத்தில் கிடக்கிற விவகாரம்; பிரித்தானியாவிலும் நீதிமன்றம் வரை போனது. அங்கே கேள்வி ஒன்றுதான்: மாறுபாலின மாணவரை எந்த உடைமாற்றும் அறைக்குள் விடுவது? அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிவந்து திருகோணமலையில் வைத்தால் அது நிற்காது. இங்கே அறை இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நம் ஊரில் பாடசாலையே அந்த அறையாக இருக்கிறது என்பது.

சுவருக்குள் ஒரு பால்

நகரின் பெயர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியும் புனித சூசையப்பர் கல்லூரியும் ஆண்களுக்கு. ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி ஆகியவை பெண்களுக்கு. சம்பூர், வெருகல் பக்கம் போனால் கலவன் பாடசாலைகள் வழமை. ஆனால் நகரத்துப் பெற்றோரின் கனவு பெரும்பாலும் தனிப்பால் பாடசாலையில்தான். கிறிஸ்தவ மிசனரிமாரும் அவர்களோடு போட்டியிட்ட சைவப் பெரியோரும் விட்டுச்சென்ற ஏற்பாடு. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பெண் கல்விக்கு அது செய்த நன்மையை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாறுபாலினப் பிள்ளை எல்லோருடனும் ஒரே வகுப்பில் இருந்து கணிதம் படிக்கிறது. உடற்பயிற்சிப் பாடத்துக்கு முன்னால் பத்து நிமிடம்தான் சிக்கல். இங்கே அந்தப் பத்து நிமிடம் காலை ஏழரை மணிக்கு வாயிற்கதவில் தொடங்கி ஒன்றரை மணி மணியோசை வரைக்கும் நீள்கிறது.

ஒரு பிள்ளையைக் கற்பனை செய்து பார்ப்போம். பெண்கள் பாடசாலை, தரம் 8. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல். வீட்டில் சாமத்திய வீடு நடத்தி முடித்திருக்கிறார்கள்: மண்டபம், பட்டுச்சேலை, மூன்று தட்டு அல்பம். உறவினர் எல்லோரும் மகிழ்ந்த நாளில் அந்தப் பிள்ளை மட்டும் தன் உடம்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக உணர்ந்திருக்கும். மறுவாரம் பாடசாலையில் வலைப்பந்தாட்டப் பயிற்சி. உடை மாற்ற வேண்டும். அவன் (அப்படித்தான் அவன் தன்னை மனத்துக்குள் அழைத்துக்கொள்கிறான்) வீட்டிலிருந்தே விளையாட்டுக் காற்சட்டையைச் சீருடைக்குள் அணிந்து வருவான். அல்லது வயிற்றுவலி என்பான். வாரம் தவறாமல் வயிற்றுவலி வருகிற பிள்ளையை ஆசிரியை சோம்பேறி என்று எழுதிவைப்பார்.

ஆண்கள் பாடசாலையில் இதன் மறுபக்கம் இன்னும் கொடிது. நடையில் ஒரு நளினம், குரலில் ஒரு மென்மை, காதுக்குக் கீழே ஓர் அங்குலம் முடி. திங்கட்கிழமை முடிச் சோதனையில் பிடிபட அது போதும். உடை மாற்றும் நேரம் என்பது அங்கே கூட்டத்துக்குக் கிடைக்கும் விளையாட்டு நேரம். துவாயை இழுப்பார்கள். மலசலகூடத்துக்குள் பின்தொடர்வார்கள். ஆகவே அந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறது. காலையில் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர், பிறகு பிற்பகல் வரை தொண்டை வறட்சி. கிழக்கின் வெயிலில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே இல்ல விளையாட்டுப் போட்டியின் முடிவில் வினோத உடைப் போட்டி வரும். பொடியன் ஒருவன் சேலையும் சவுரிமுடியும் அணிந்து மைதானத்தைச் சுற்றுவான், கூட்டம் கைதட்டிச் சிரிக்கும், பரிசும் கொடுப்பார்கள். கிழக்கின் கூத்துக்களரியில் பெண் வேடம் கட்டிய கூத்தர்கள் பேர்பெற்ற கலைஞர்கள். வேடம் என்று தெரிந்தால் நமக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. வேடம் இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால்தான் கை ஓங்குகிறோம்.

தாளில் உள்ள பால்

பாடசாலை ஏன் அந்தப் பிள்ளையின் சொல்லை ஏற்கவில்லை என்று அதிபரிடம் கேட்டால் அவர் அலுமாரியைத் திறந்து இடாப்பைக் காட்டுவார். அவரிலும் தவறில்லை. இலங்கையில் ஒருவரின் பால் எத்தனை தாள்களில் எத்தனை ஆழமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிறந்த ஆண்டு, அடுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்ற எண். பெண் என்றால் அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். ஜனவரி 10ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 010. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 510. பெயரை மறைக்கலாம், படத்தை மாற்றலாம். இலக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த 500 பேசிக்கொண்டே இருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் காலத்தில் அதிபர் ஊடாகத்தான் இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே ஒரு பிள்ளையின் பால் வாழ்நாள் முழுவதற்கும் எண்ணாக மாறும் இடமும் பாடசாலைதான்.

திருத்த வழி இல்லாமல் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. உளநல மருத்துவரின் மதிப்பீட்டின் பேரில் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம் என்றது அது. அந்தச் சான்றிதழைக் கொண்டு பதிவாளர் நாயகத்தின் திணைக்களம் பிறப்புச் சான்றிதழைத் திருத்தும். பிறகு அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். தெற்காசியாவில் இது சிறிய விடயமல்ல. ஆனால் அந்தச் சான்றிதழ் 16 வயதைக் கடந்தவர்களுக்குத்தான். அதே 2016இல்தான் கட்டாயக் கல்வி வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். 16 வயது வரை நீ பாடசாலைக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறது ஒரு விதி. நீ யார் என்பதை 16 வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறது மற்றொன்று. அவை இரண்டையும் எழுதியவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை என்பது உறுதி. பூப்பெய்தும் வயதும் குரல் உடையும் வயதும் மீசை அரும்பும் வயதும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன.

சிறுபிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுப்பதில் மருத்துவர்கள் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது. நான் அதை மறுத்துப் பேசப் போவதில்லை. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை சொல்வது பதினெட்டில் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். ஆனால் உடை மாற்ற ஓர் ஒதுக்கிடம் கொடுப்பதற்குச் சான்றிதழ் எதற்கு? மருந்தும் கத்தியும் வேண்டிய விடயத்தையும் ஒரு திரைச்சீலை வேண்டிய விடயத்தையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

சட்டத்தின் மற்றப் பக்கம் இன்னும் மங்கல். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பால்நிலை அடையாளம் என்ற சொல் அதில் இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவைக் குற்றமாக்குகின்றன. ஆள்மாறாட்டத்துக்கான 399ஆம் பிரிவையும் 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டத்தையும் காட்டித் திருநங்கையரை வீதியில் மடக்குவது பொலிசாரின் பழைய பழக்கம். ஒருபாலுறவைக் குற்றமற்றதாக்கக் கோரிய தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அதுவும் காலாவதியானது. அதே 2024 ஜூனில் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்தைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் வந்தது: மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது. வாக்கெடுப்பு நடத்திப் பால்நிலைச் சட்டம் நிறைவேற்றும் துணிச்சல் எந்த அரசாங்கத்துக்கும் வராது. ஆகவே கொழும்பிலிருந்து ஒரு சட்டம் வந்து உவர்மலையில் உள்ள ஒரு பாடசாலையின் கதவைத் திறக்கும் என்று காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பிற ஊர்கள் எப்படிச் சண்டையிட்டன

அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தின் குளோஸ்டர் மாவட்டத்தில் கவின் கிரிம் என்ற திருநம்பி மாணவர். தொடக்கத்தில் அதிபரின் அனுமதியுடன் அவர் ஆண்களின் கழிவறையைப் பயன்படுத்தினார். சில வாரங்கள் எந்தப் பிரச்சினையும் எழவில்லை. பெற்றோர் சிலர் முறையிட, 2014 டிசம்பரில் பாடசாலைச் சபை தடை விதித்தது. அவருக்கென்று தனிக் கழிவறைகளும் கட்டிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இது நியாயமான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் அங்கே போகும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் அவர் மட்டும். இடைவேளையில் அவர் அந்தக் கதவை நோக்கி நடந்தாலே அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வழக்குச் செலவாக மட்டும் 13 இலட்சம் டொலர் கொடுக்கச் சபை உடன்பட்டது. அந்தப் பணத்தில் எத்தனை தாழ்ப்பாள்கள் போட்டிருக்கலாம் என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

அதே நாட்டில் அதற்கு நேர்மாறான தீர்ப்பும் உண்டு. புளோரிடாவின் சென் ஜோன்ஸ் மாவட்ட வழக்கில், 2022 டிசம்பர் 30ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு ஆயம் 7க்கு 4 என்ற கணக்கில் பாடசாலையின் பக்கம் நின்றது. பிறப்பின் பாலை வைத்துக் கழிவறையைப் பிரிப்பது செல்லும் என்றது. ஜனாதிபதி மாறும்போதெல்லாம் மத்திய அரசின் வழிகாட்டலும் மாறியது: 2016 மே மாதம் ஒபாமா நிர்வாகம் அனுப்பிய கடிதத்தை 2017 பெப்ரவரியில் டிரம்ப் நிர்வாகம் மீளப்பெற்றது. நடுவில் வளர்ந்து பாடசாலையை விட்டுப் போன பிள்ளைகள் எத்தனையோ.

எனக்கு இவற்றில் மிகவும் பயனுள்ளதாகப் படுவது சிக்காகோவுக்கு அருகே பலட்டைன் என்ற இடத்தில் நடந்தது. அங்கே ஒரு திருநங்கை மாணவி பெண்கள் அணியில் விளையாடினார், பதிவேட்டிலும் பெண்ணாகவே இருந்தார். உடைமாற்றும் அறையில் மட்டும் தடை. 2015இல் மத்திய கல்வித் திணைக்களம் அதைப் பாகுபாடு என்றது. கடைசியில் உடன்பாடு எதில் முடிந்தது தெரியுமா? திரைச்சீலையில். அறைக்குள் மறைப்புகள் கட்டுவது, யாருக்கு வேண்டுமோ அவர் அதற்குள் போய் மாற்றிக்கொள்வது. திரை மாறுபாலின மாணவிக்கு மட்டும் என்றில்லை, எந்த மாணவிக்கும். அந்த உடன்பாட்டுக்குப் பிறகும் அங்கே சண்டை ஓயவில்லை என்பது உண்மை. என்றாலும் அந்தத் துணியில் ஒரு விடை இருந்தது.

இங்கிலாந்து பற்றி நம் ஊடகங்களில் வருவது 2025 ஏப்ரல் 16ஆம் திகதித் தீர்ப்பு மட்டுமே: 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் பால் என்பது பிறப்பின் பாலையே குறிக்கும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைவிடப் பழைய, எவரும் கவனிக்காத ஒரு விதி அங்கே இருக்கிறது. 2012ஆம் ஆண்டுப் பாடசாலைக் கட்டட ஒழுங்குவிதிகளின்படி, 8 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை வேண்டும். ஆனால் உள்ளிருந்து பூட்டக்கூடிய, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் அறையாக இருந்தால் அந்தப் பிரிவு தேவையில்லை. 11 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு உடைமாற்றும் வசதியும் இருக்க வேண்டும். அந்த விதிக்கு ஆண் பெண் பற்றிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. கதவு பூட்டுமா என்று மட்டும் அது கேட்கிறது.

ஆசியாவில் சத்தமில்லாமல் வேலை செய்தது ஜப்பான். 2015 ஏப்ரலில் அங்குள்ள கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியது. மாறுபாலின மாணவர்கள் உடை மாற்றச் சுகாதார அறையைப் பயன்படுத்தலாம், ஆசிரியர் கழிவறையையோ பொதுக் கழிவறையையோ பயன்படுத்தலாம், தாம் உணரும் பாலின் சீருடையை அனுமதிக்கலாம் என்று எடுத்துக்காட்டுகளோடு சொன்னது. வழக்கும் இல்லை, மறியலும் இல்லை. இந்தியா அதையே வேறுவிதமாகச் செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 2021இல் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. பொதுக் கழிவறைகள் பற்றியும் சீருடை பற்றியும் அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே அது இணையத்திலிருந்து காணாமல் போனது.

பெண்பிள்ளைகளின் பயம்

சேலை தொங்கும் வகுப்பறைக்குள் இருக்கும் பெண்பிள்ளைகளையும் கேட்க வேண்டும். ஆண் உடம்பு கொண்ட ஒருவர் உள்ளே வந்தால் எங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஒரு மாணவி சொன்னால் அதை மூடத்தனம் என்று தள்ளுபவன் நானல்ல. பஸ்ஸில் இடிபட்டு, டியூசன் ஒழுங்கையில் சீண்டப்பட்டு, முகாம் வாழ்க்கையில் குளிக்க மறைவிடம் இல்லாமல் இருட்டும்வரை காத்திருந்த தாய்மாரிடம் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு நம் பாடசாலைகளே முகாம்களாக இருந்தன. மறைவு என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், மாறுபாலினத்தவர் தம் பால்நிலைக்குரிய கழிவறையையும் உடைமாற்றும் அறையையும் பயன்படுத்த அனுமதித்த ஊர்களையும் அப்படி விதி இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு, 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. குற்றச் சம்பவங்களுக்கும் அந்த விதிகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. 2019இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு 13 முதல் 17 வயது வரையான 3,673 மாறுபாலினப் பிள்ளைகளிடம் கேட்டது, 25.9 சதவீதத்தினர் கடந்த ஓர் ஆண்டில் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். கழிவறைக்கும் உடைமாற்றும் அறைக்கும் தடை விதித்த பாடசாலைகளில் அந்த ஆபத்து மேலும் கூடுதலாக இருந்தது. அது இணையவழிக் கருத்துக்கணிப்பு என்பதால் எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் ஆபத்து எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகிறது என்பதை அது காட்டுகிறது. பாடசாலையில் மறைவு இல்லாததால் முதலில் அடிபடுகிறவர் அந்தப் பிள்ளை.

இங்கே இரண்டு பக்கத்தாரும் கேட்பது ஒன்றையேதான் என்பது என் எண்ணம். கூச்சப்படும் மாணவிக்கும் பூட்டும் கதவு வேண்டும். ஒளிந்துகொள்ளும் மாணவனுக்கும் பூட்டும் கதவு வேண்டும். மாதவிடாய் நாளில் துணி மாற்றும் பிள்ளைக்கும், உடம்பில் தீக்காயத் தழும்பு உள்ள பிள்ளைக்கும், பருமனுக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளைக்கும் வேண்டும்.

உடை என்றாலே தீப்பற்றும் ஊர்

ஆனால் இதைத் திருகோணமலையில் எப்படிக் கேட்பது என்பதில் எச்சரிக்கை தேவை. 2018 ஏப்ரலில் நகரத்தின் மகளிர் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது எப்படி வீதிமறியலானது, மனித உரிமைகள் ஆணைக்குழு வரைக்கும் எப்படிப் போனது, 2022இல் எப்படி மீண்டும் கிளம்பியது என்பது எவருக்கும் மறக்கவில்லை. 2024இல் பரீட்சை மண்டபத்தில் காதை மறைத்துத் துணி அணிந்ததாகக் கூறி நகரின் முஸ்லிம் மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒரு முழத் துணி இங்கே இனமாகவும் மதமாகவும் மாற அரைநாள் போதும். மாறுபாலினப் பிள்ளைகளின் விடயத்தைப் பதாகையோடு வாயிற்கதவுக்குக் கொண்டுவந்தால், கோயில் தர்மகர்த்தாக்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் மறைமாவட்டமும், வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரே மேடையில் ஏறி எதிர்ப்பார்கள். அந்த ஒற்றுமைக்குக் கொடுக்கும் விலை பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் பெயர் ஊர்முழுக்கத் தெரிவது.

அதற்காகச் சத்தமில்லாத கருணை போதுமா என்றால், போதாது. நல்ல அதிபர் ஒருவர் இருப்பார், அந்தப் பிள்ளையை அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள ஆசிரியர் கழிவறையைப் பயன்படுத்தவிடுவார், எவருக்கும் சொல்லமாட்டார். பிறகு இடமாற்றம் வரும். புதிய அதிபர் சாவிக்கொத்தை எண்ணும் முதல் நாளிலேயே அந்த ஏற்பாடு முடிந்துவிடும். எழுத்தில் இல்லாத கருணை இடமாற்றக் கடிதத்தோடு போய்விடுகிறது.

ஆகவே எழுத்தில் ஏதாவது வேண்டும். ஆனால் பிள்ளையைப் பற்றி எழுத வேண்டியதில்லை; கதவைப் பற்றி எழுதலாம். தரம் 6க்கு மேல் வகுப்புகள் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும், உள்ளிருந்து பூட்டக்கூடிய, ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய உடைமாற்றும் அறைகள் இத்தனை இருக்க வேண்டும். காரணம் கேட்காமல் எந்தப் பிள்ளையும் பயன்படுத்தலாம். மாகாணக் கல்வித் திணைக்களம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அப்படி ஒரு சுற்றுநிருபத்தில் பால்நிலை என்ற சொல்லே வர வேண்டியதில்லை, எதிர்த்து மறியல் செய்ய எவருக்கும் பிடியும் கிடைக்காது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நினைத்தால் சுற்றுநிருபத்துக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி நாலு தகரம், நாலு கொண்டி. விளையாட்டு விதிகளில் இன்னொரு சிறு திருத்தமும் செய்யலாம்: பயிற்சி நாளில் விளையாட்டு உடையிலேயே வீட்டிலிருந்து வர விரும்பும் பிள்ளையை வாயிலில் மறிக்காதிருப்பது.

இந்த வழி கோழைத்தனமானது என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உரிமைக்காக வேலை செய்யும் நண்பர்கள் சொல்லக்கூடும். பெயரைச் சொல்லாமல் கொடுக்கிற உரிமை உரிமையா என்பார்கள். அவர்களின் கேள்வி பெறுமதியானது. பூட்டும் கதவு ஒன்று வந்துவிட்டால் வெளியே முற்றத்தில் கேட்கும் 'ஒன்பது' நின்றுவிடாது. இரட்டைப் பின்னலும் திங்கட்கிழமை முடிச் சோதனையும் அப்படியே இருக்கும். தனிப்பால் பாடசாலையின் மதிலை எந்தத் தகரக் கதவாலும் திறக்க முடியாது. 16 வயதில் சான்றிதழ் பெற்றுத் தன் பாலைத் திருத்திக்கொண்ட ஒரு மாணவன், மகளிர் கல்லூரியின் இடாப்பில் எப்படித் தொடர்வான் என்ற கேள்விக்கு விடை சொல்லும் விதி நம்மிடம் இல்லை. கதவு அந்தப் பிள்ளைக்குத் தருவது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான்.

இப்போதைக்கு அந்தப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. சாதாரண தரம் முடிந்ததும் உயர்தரத்துக்குப் பாடசாலை மாறுவது வழமை என்பதால், அப்போது ஒரு கலவன் பாடசாலையைத் தேடிக்கொள்வது. அல்லது படிப்பையே நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுவது. இரண்டுக்கும் முன்னால் பழைய பாடசாலைக்குப் போய் விடுகைப் பத்திரம் வாங்க வேண்டும். அதில் விலகும் காரணம் என்று ஓர் இடம் இருக்கும். எழுதுவினைஞர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாயைப் பார்ப்பார். தாய் பிள்ளையைப் பார்ப்பாள். 'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்துக்காக அதிபரின் மேசைக்கு அனுப்பிவிடுவார்.